எர்த்

மூன்று மாதம் மாம்பழக்கூழ் ஆலையில்
எடைமேடைச் சீட்டு எழுதிய காசு.
போன வருஷத்துக் காசு கிடாருக்குப் போனது.
இந்த வருஷத்தது அதன் காதுக்கு.

காது என்றுதான் சொன்னான் முஸம்மில்,
ரவுண்டானா பக்கத்து மாடியறையில்
ஒரு ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு.
"உள்ள மைக் வெச்சா ஊரையே கேட்கும்.
வட்டத்துல மாட்டுற காந்தம் கம்பியை மட்டும் கேட்கும்,
மரத்தை மதிக்காது.
பலகைக்கு அடியில ஒட்டுற வில்லை இருக்கே,
நீ மூச்சு விட்டாலும் போட்டுக் கொடுத்துடும்."

மாட்டியும் ஒட்டியும் ஒரு மத்தியானம் போனது.
வில்லை என் வளையலைச் சொன்னது.
துப்பட்டா ஊக்கு உரசியதைச் சொன்னது.
கீழே ஒரு லாரி கியர் மாற்றியதையும்.
எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.
ஆனால் சத்தம் கூட்டியதும் ஊளையிட்டது,
தன் குரல் திரும்பி வந்ததில் மிரண்ட நாய் மாதிரி.
காந்தம் இனித்தது. கொஞ்சம் அதிகமாகவே.
என் கிடார் மரத்தால் ஆனதென்று
அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

கடைசியில்
சேடிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும் மெல்லிய பட்டை.
அழுத்தத்தை மட்டும் நம்புகிற ரகம்.
பலமாக அடித்தால் வாத்து மாதிரி கத்தும்.
"நடுவுல கொஞ்சம் குறைச்சிக்கோ"
என்று ஒரு குமிழைக் காட்டினான்.

சேடிலின் அடியை உப்புத்தாளில் தேய்த்தான்.
முடி அளவு சாய்ந்தாலும் ஒரு கம்பி ஊமையாகிவிடுமாம்.
பிறகு டிரில்லை எடுத்தான்.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.
நான் படியிறங்கிப் போய்
டீ வாங்கி, குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காவேரிப்பட்டணம். வரவேற்பு. மாலை ஏழு.
ஜாக்கைச் செருகினேன்.
ம்ம்ம்ம்ம்ம்ம்
என்றது மண்டபம் முழுக்க.
மாப்பிள்ளையின் சித்தப்பா
கையில் ஐஸ்கிரீம் கப்போடு திரும்பிப் பார்த்தார்.
பேட்டரியை மாற்றினேன். ஒயரை மாற்றினேன்.
ஜாக்கின் உலோகத்தில் விரல் வைத்தால் நின்றது,
எடுத்தால் வந்தது.
ஒரு விரலை அங்கே விட்டுவிட்டு
மீதி ஒன்பதில் எதை வாசிக்க?

கீபோர்டு ஆள் பட்டையைக் குறை சொன்னார்.
பாடுகிறவர் முஸம்மிலை.
"பொண்ணு எதையாவது இழுத்திருக்கும்"
என்று ஒரு குரல் என்னையும்.

சவுண்ட் சர்வீஸ் திம்மராஜ்
கிடாரைப் பார்க்கவே இல்லை.
டார்ச்சோடு மண்டபத்தின் பின்பக்கம் போனார்.
நானும் போனேன்.
எச்சில் இலைகள், ஜெனரேட்டர்,
சுவரோரம் தரையில் முளைத்த ஒரு துருப்பிடித்த குழாய்.
அதைச் சுற்றி நிலம் பிளந்து கிடந்தது.

"மழை எப்ப பேஞ்சது?"
யாருக்கும் ஞாபகம் இல்லை.
"கீழ பூரா பாறைம்மா. ஈரம் இல்லன்னா
கரண்டு எங்க போய் ஒதுங்கும்?
உன் கிடாருக்குள்ளதான்."

சமையல்காரரிடம் இரண்டு கை கல்லுப்பு வாங்கி வந்தார்.
இரண்டு குடம் தண்ணீர் நான் சுமந்தேன்,
பட்டுப்புடவையோடு.
ஊற்ற ஊற்றக் குடித்தது குழாய்.
உள்ளே எங்கோ பாறை
கொஞ்ச நேரம் யோசித்தது.

மேடைக்குத் திரும்பியபோது
ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததை
இவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.
ஐந்தாம் கம்பியை மெல்லத் தட்டினேன்.
பந்தியில் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
யாரும் நிமிரவில்லை.
திம்மராஜ் மட்டும் மிக்சர் மேல் குனிந்து
நடுவில் கொஞ்சம் குறைத்தார்.

இப்போது என் கிடார் உறைக்குள்
ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி,
வட்டத்தை அடைக்க ரப்பர் மூடி,
ஒரு கிலோ கல்லுப்பு.
இது எதுக்கு என்று கேட்கிறார் டவுன் பஸ் கண்டக்டர்.
கிடாருக்கு என்கிறேன்.
அவர் டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார்.

அடுத்த வாரம் பர்கூர்.
அங்கேயும் பாறைதான்.